ஒரு நாள் பேப்பர்: 2004 பிப்ரவரி 9 – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவில் வருஷத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி 9 சாயங்காலம், ஒரு மொட்டை மாடியில் கூடி ஒரே ஒரு நாளின் பழைய பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாக வாசித்துச் சிரிக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் கேட்பதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏன் அந்த ஒரு நாள்?

எங்கள் மாவட்டம் பிறந்த நாள் அது. தருமபுரி மாவட்டத்தைப் பிரித்து, தமிழ்நாட்டின் 30ஆவது மாவட்டமாகக் கிருஷ்ணகிரியை உண்டாக்கிய தேதி 2004 பிப்ரவரி 9, திங்கட்கிழமை. அன்று காலை பேப்பரை விரித்தவர்கள் தருமபுரி மாவட்டத்துக்காரர்களாக டீயைக் கையில் வாங்கினார்கள், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களாக டம்ளரைக் கீழே வைத்தார்கள். இதைவிடப் பொருத்தமான நாள் எங்களுக்கு வேறு இல்லை.

அந்தப் பேப்பர் எப்படிக் கிடைத்தது? யாராவது சேர்த்து வைத்தார்களா?

யாரும் சேர்த்து வைக்கவில்லை. எங்கள் அம்மா சமையலறை அலமாரித் தட்டில் விரித்துப் போட்டிருந்தார். போகிக்குப் போகி பேப்பர் மாற்றுவது வழக்கம் என்றாலும், கீழ்த்தட்டில் எண்ணெய்த் தூக்கும் புளிப் பானையும் இருந்ததால் அந்தத் தட்டை மட்டும் யாரும் தொடாமலே பல வருஷம் போய்விட்டது. ஒருநாள் பானையை நகர்த்தியபோது தேதி கண்ணில் பட்டது.

இப்போதும் அதில் எண்ணெய்த் தூக்கின் அடி வட்டமாகப் பதிந்திருக்கிறது. வட்டத்துக்குள் காகிதம் கண்ணாடி மாதிரி, பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரியும். ஓரமெல்லாம் டீ நிறம். மடித்த இடத்தில் பேப்பர் அப்பளம் போல உடைகிறது. முகர்ந்து பார்த்தால் நல்லெண்ணெய், புளி, பழைய மை மூன்றும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனைக்காகவே முதலில் வந்து உட்காரும் ஒரு பெரியம்மா எங்கள் தெருவில் இருக்கிறார்.

பேப்பரின் பெயர் இருந்த மேல் துண்டு கிழிந்துவிட்டது. தேதி தப்பித்தது, அதுவே போதும்.

மாவட்டம் பிரிந்ததில் சிரிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. எங்கள் ஆயாவிடமிருந்து தொடங்குகிறேன். அவர் கல்யாணமாகி வந்த வீடு சேலம் ஜில்லாவில் இருந்தது. 1965 அக்டோபர் 2ஆம் தேதி சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, வீடு தருமபுரி ஜில்லாவுக்குப் போனது. 2004இல் கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கு வந்தது. ஆயா வாசல்படி தாண்டவில்லை, மூன்று ஜில்லாவில் குடித்தனம் நடத்திவிட்டார். "நான் எங்கியும் போவல, ஜில்லாதான் வந்து வந்து போவுது" என்பார். வீட்டுக்கு வந்த மருமகள்களைப் பற்றிப் பேசும் அதே குரலில் ஜில்லாக்களைப் பற்றியும் பேசுவார்.

அப்புறம் அந்தக் கல்யாணம். பெண் வீடு காவேரிப்பட்டணம், மாப்பிள்ளை வீடு காரிமங்கலம். ரெண்டு ஊருக்கும் நடுவே பெரிய தூரம் கிடையாது, ஒரே ரோடு. பத்திரிகை அடித்தது தை முதல் வாரம், கல்யாணம் தை கடைசி வாரம். பத்திரிகையில் இரண்டு ஊருக்கும் கீழே தருமபுரி மாவட்டம் என்றுதான் அச்சாகியிருந்தது. நடுவில் பிப்ரவரி 9 வந்துவிட்டது. காவேரிப்பட்டணம் இந்தப் பக்கம், காரிமங்கலம் அந்தப் பக்கம். பெண்ணின் பெரியப்பா மீதமிருந்த பத்திரிகைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நீல மையால் 'தருமபுரி'யை அடித்து 'கிருஷ்ணகிரி' என்று எழுதினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மேடையிலேயே சொன்னாராம்: "ஒரே ஜில்லாவுல சம்மந்தம்னு பார்த்தோம், தாலி கட்டறதுக்குள்ள வெளி ஜில்லா சம்மந்தம் ஆயிடுச்சி." அந்தத் தம்பதியும் இப்போது மாடிக்கு வருகிறார்கள். திருத்திய பத்திரிகையையும் கொண்டு வருகிறார்கள்.

திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் நாள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பட்டா மாற்றத்துக்கான மனுவோடு தருமபுரி பஸ்ஸுக்காக நின்றிருக்கிறார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்த பேப்பரில் செய்தியைப் பார்த்தார். மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த வாரம் உள்ளூரிலேயே கொடுத்தார். பஸ் காசு மிச்சம் என்பதை இன்னும் சந்தோஷமாகச் சொல்கிறார். ஓசூர்க்காரர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். அதுவரைக்கும் ஒரு கையெழுத்துக்கு அவர்கள் 90 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது.

விளையாட்டுப் பக்கத்தை ஏன் அவ்வளவு நேரம் வாசிக்கிறீர்கள்?

எண்ணெய் வட்டம் சரியாக அங்கேதான் விழுந்திருக்கிறது. முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சிட்னியில் முத்தரப்புப் போட்டியின் இரண்டாவது இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியா 359. இந்தியா 151. வித்தியாசம் 208 ரன்.

எங்கள் மாமா ஒருவர் அன்று டீக்கடையில் அத்தனை பேர் முன்னாலும் சத்தியம் செய்தார், இனிமேல் கிரிக்கெட் பார்க்க மாட்டேன் என்று. பேப்பரில் அந்த ஸ்கோரை வாசிக்கும்போது அவரை எழுந்து நிற்கச் சொல்வோம், அவரும் நிற்பார். அப்புறம் கூட்டமே சேர்ந்து கேட்கும்: "எத்தனை நாள் மாமா?" விடை எல்லோருக்கும் தெரியும். மார்ச் 13ஆம் தேதி கராச்சியில் இந்தியா 349 ரன் அடித்து, பாகிஸ்தானை 5 ரன்னில் ஜெயித்தது. கடைசி ஓவரை மாமா எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே வந்து பார்த்தால்தான் சத்தியம் மீறியதாகும் என்பது அவர் கணக்கு. மார்ச் 29ஆம் தேதி முல்தானில் சேவாக் 309ஐத் தொட்டபோது அவர் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைய ஸ்கோரைப் பார்த்தவர்கள் யாரும் ஏழு வாரத்தில் இந்தியாவின் முதல் முச்சதம் வரும் என்று நினைத்திருக்க முடியாது. பழைய பேப்பரில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அந்தக் காலையில் அடுத்த நாள் யாருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. நமக்கு மட்டும் தெரியும். நாம் சிரிக்கும் சிரிப்பு, கண்ணாமூச்சியில் கண்ணைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே தடவிக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. அடுத்த ஆட்டத்தில் நம் கண்ணைக் கட்டுவார்கள்.

அரசியல் செய்தி வாசித்தால் சண்டை வராதா?

முதல் வருஷம் வந்தது. அப்புறம் ஒரு விதி வைத்தோம்: அவரவர் கட்சியின் ஜோசியத்தை அவரவரே வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு சண்டை இல்லை.

அந்த நாளின் நிலவரம் இதுதான். மூன்று நாள் முன்பு, பிப்ரவரி 6ஆம் தேதி, மக்களவையைக் கலைத்திருந்தார்கள். இன்னும் சில மாதம் பாக்கி இருந்தும் முன்கூட்டியே தேர்தல். 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரம் நாடெங்கும் போய்க்கொண்டிருந்தது. வாஜ்பாய் அரசே திரும்ப வரும் என்பதில் கணிப்பு சொன்னவர்கள் பெரும்பாலோருக்குச் சந்தேகமே இல்லை. மே 13ஆம் தேதி ஓட்டு எண்ணினார்கள். ஆட்சி மாறியது. தமிழ்நாட்டில் 39 தொகுதியும் ஒரே பக்கம் போனது. மே 22ஆம் தேதி மன்மோகன் சிங் பிரதமரானார். பிப்ரவரியில் அவர் பெயரை எந்தத் திண்ணையிலும் பிரதமராக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அன்று தேர்தல் முடிவை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். தொகுதி வாரியாக, வித்தியாசத்தோடு. ஒன்றுகூடச் சரியில்லை. அதை அவரே ஒவ்வொரு வருஷமும் கணீரென்று வாசிக்கிறார், மாடியில் இருப்பதிலேயே பெரிய கைதட்டல் அவருக்குத்தான். தப்பாய்ப் போன ஜோசியத்தை நாலு பேர் முன்னால் வாசிக்க முடிகிற மனுஷன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எல்லாச் செய்திக்கும் சிரிப்பீர்களா?

இல்லை. இதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம்.

வீரப்பன் தேடுதல் பற்றிய செய்தி அந்தக் காலத்துப் பேப்பரில் வராத வாரம் கிடையாது. அதே வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி தருமபுரி பக்கம் பாப்பாரப்பட்டி அருகே அது முடிந்தது. காட்டோரக் கிராமங்களில் இரண்டு பக்கத்திலும் உயிர் போன வீடுகள் இருக்கின்றன. பென்னாகரம் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்தவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவோம்.

தொட்டில் குழந்தைத் திட்டமும் அப்படித்தான். பெண் குழந்தைகளைக் காப்பாற்ற, வளர்க்க முடியாதவர்கள் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று 1992இல் சேலத்தில் தொடங்கிய திட்டம், 2001இல் தருமபுரிக்கும் வேறு சில மாவட்டங்களுக்கும் வந்தது. தொட்டிலில் ஒரு குழந்தை கிடைத்ததாக மூன்று வரியில் ஒரு செய்தி இந்தப் பேப்பரிலும் இருக்கிறது. அதை மட்டும் சத்தமில்லாமல் வாசிக்கச் சொல்வோம். அந்தக் குழந்தைக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும். எங்கேயோ நன்றாக இருக்க வேண்டும்.

விளம்பரம், விலைவாசி எல்லாம் வாசிக்க வேண்டுமா?

கட்டாயம். அங்கேதான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். தங்கம் விலை வரும்போது பெண்கள் பக்கமிருந்து எழும் சத்தம் பழையபேட்டை வரைக்கும் கேட்கும். ஒரு பவுன் ஐயாயிரத்துக்குக் கீழே! அதிலும் ஒரு வேடிக்கை. அன்று எங்கள் அத்தை, "விலை ரொம்ப ஏறிக் கிடக்குது, கொஞ்சம் எறங்கட்டும்" என்று சொல்லி வளையல் வாங்குவதைத் தள்ளிப் போட்டார். இன்றைக்கும் நகைக்கடை வாசலில் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார். ஒரு எழுத்து மாறவில்லை.

வெளிநாட்டுச் செய்தி?

ஒன்றே ஒன்று. செவ்வாய்க் கிரகத்தில் ஜனவரி கடைசியில் இறங்கிய ஆப்பர்ச்சுனிட்டி என்ற ஆறு சக்கர வண்டி. நாசா அதற்குக் கொடுத்த கெடு 90 செவ்வாய் நாள். அன்றைய கணக்குப்படி மே மாதத்துக்குள் அது ஓய்ந்திருக்க வேண்டும். அது 2018 ஜூன் வரை உழைத்தது. பதினாலு வருஷத்துக்கு மேல்! ஒரு பெரிய புழுதிப் புயல் சூரியனை மறைத்த பிறகுதான் பேச்சை நிறுத்தியது. மொத்தம் அது ஓடிய தூரம் 45 கிலோமீட்டர். ஏறக்குறைய கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்குப் போகிற தூரம்.

இதைக் கேட்டதும் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற எங்கள் அண்ணன் ஒருவர் சொன்னார்: "மூணு மாசம்னு சொல்லி பதினாலு வருஷம் ஓட்டியிருக்கான்னா, அந்த டிரைவரை நான் பார்க்கணும்." வண்டியில் டிரைவர் இல்லை, பூமியிலிருந்து ஓட்டினார்கள் என்று பிள்ளைகள் விளக்கினார்கள். "அப்ப அவனையும் பார்க்கணும்" என்றார்.

முக்கியமான எதையாவது அந்தப் பேப்பர் விட்டுவிட்டதா?

ஆமாம். ஐந்து நாள் முன்பு, பிப்ரவரி 4ஆம் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர் விடுதி அறையிலிருந்து ஃபேஸ்புக் தொடங்கியிருந்தது. எங்கள் பேப்பரில் மூலைமுடுக்கெல்லாம் தேடியாகிவிட்டது, ஒரு வரி இல்லை. ஆனால் எஸ்டிடி பூத் வைக்க இடம் வாடகைக்கு என்று ஒரு வரி விளம்பரம் இருக்கிறது. பத்து வயதுப் பையன் ஒருவன் "பூத்துன்னா ஓட்டு போடற எடமா?" என்று கேட்டான். கண்ணாடிக் கதவு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், ராத்திரியானால் வெளியூர்ப் போன் கட்டணம் குறையும் என்று காத்திருந்த வரிசை, இதையெல்லாம் மூன்று பேர் சேர்ந்து நடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

எந்த வருஷம் வாசித்தாலும் பழசாகாத செய்தி உண்டா?

உண்டு. கிருஷ்ணகிரிக்கு ரயில். 2004 பேப்பரில் கோரிக்கையாக இருக்கிறது. அதற்கு முன் எந்த வருஷத்தை எடுத்தாலும், பின் எந்தத் தேர்தலை எடுத்தாலும் இருக்கும். இத்தனைக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் குறுகிய பாதை ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இரண்டையும் மூடிவிட்டார்கள். ஒரு மாவட்டத் தலைநகரில், மாம்பழமும் மாம்பழக் கூழும் நாலா பக்கமும் லாரி லாரியாகப் போகிற ஊரில், இன்றைக்கு வரைக்கும் ரயில்வே ஸ்டேஷன் இல்லை. ரயில் செய்தியை வாசித்ததும் மாடியில் சிரிப்பு வரும். எனக்கு அந்த இடத்தில் கோபம்தான் வரும், மறைப்பதில்லை.

அதே பக்கத்தில் குடிநீர் கோரிக்கையும் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, இளம் வயதிலேயே மூட்டு வலி, எல்லாம் எங்கள் வீடுகளில் பார்த்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள், 2013இல் தண்ணீர் வந்தது. அந்தக் கோரிக்கையை வாசித்து முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் கூட்டத்தில் சுற்றி அனுப்புவோம். சில செய்தி தலைப்பிலிருந்து குழாய்க்கு வந்துவிட்டது என்பதைக் குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக.

எங்கள் ஊரிலும் நடத்த ஆசை. எப்படித் தொடங்குவது?

பெரிய செய்தி வெடித்த நாளின் பேப்பரை எடுக்காதீர்கள். அதற்கு ஒரு வாரமோ மூன்று மாதமோ முந்தின நாளை எடுங்கள், அப்போதுதான் யாருக்கும் எதுவும் தெரியாமல் இருப்பார்கள். இருபது வருஷமாவது பழையதாக இருப்பது நல்லது. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க, தெரிந்தவர் சொல்ல வேண்டும். போனை எடுத்துத் தேடக் கூடாது, ஞாபகத்திலிருந்துதான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, திருத்த நாலு பேர் வருவார்கள்.

பேப்பர் வீட்டில் இல்லாவிட்டால் மாவட்ட மைய நூலகத்தில் பழைய கட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். சென்னையில் கன்னிமாரா நூலகத்துக்குச் சட்டப்படியே செய்தித்தாள்கள் போய்ச் சேர்கின்றன.

பழைய பேப்பரை எப்படிப் பாதுகாப்பது?

வெயில் படாமல், மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்தால் போதும். செய்தித்தாளைப் பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்கிறார்கள், அதில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுக்கிறது. லேமினேஷன் செய்யாதீர்கள், ஒட்டும் டேப்பும் வேண்டாம், இரண்டும் பின்னால் பிரிக்க முடியாமல் செய்துவிடும். முதலில் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது மாடியில் வாசிப்பது பெரிதாக்கி அச்சடித்த நகலைத்தான்.

சாப்பிட என்ன?

அவரைக்கொட்டைச் சுண்டல், டீ. அந்த மாதத்தில் ஓசூர் பக்கத்து அவரை கிடைக்காமல் போகாது.

அசல் பேப்பரைக் கையில் வாங்கிப் பார்க்கலாமா?

தாராளமாக. வாசிப்பு முடிந்ததும் அட்டையைத் திறந்து வைப்போம், வரிசையில் வந்து பார்க்கலாம், முகர்ந்தும் பார்க்கலாம். சுண்டல் சாப்பிட்ட கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள். அதில் எங்கள் அம்மாவின் எண்ணெய் வட்டம் ஒன்று இருக்கிறது, இன்னொன்று வேண்டாம்.